சத்து மாத்திரை, மூலிகைக் கேப்சூல்: டப்பாவில் இருப்பதை எல்லாம் கூட்டிப் பார்த்தீர்களா?

மருந்துக்கடை_கோவை (இழை தொடக்கம்)

டாக்டர் சீட்டில் சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரைகள் இருக்கும். சீட்டில் ஏறாதவை வீட்டு டப்பாவில் இருக்கும். மல்டிவிட்டமின், கால்சியம், முடிக்குப் பயோட்டின், மரத்துப்போகும் காலுக்கு ஒரு நரம்பு மாத்திரை, மூட்டுக்கு மஞ்சள் கேப்சூல், தூக்கத்துக்கு அமுக்கரா (அஸ்வகந்தா). தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தப்பு தெரியாது. ஒரே சத்து மூன்று அட்டையிலிருந்து வந்து கூடிப்போகும்போதோ, ஒன்று இன்னொன்றை உடம்பில் சேரவிடாமல் மறிக்கும்போதோதான் சிக்கல் வருகிறது.

முதலில் டப்பாவைக் கவிழ்த்து எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். பிரிட்ஜ் கதவில் நிற்கும் டானிக், சமையலறை அலமாரியில் இருக்கும் சூரணம், பாலில் கலக்கும் சத்துமாவு எல்லாம் சேர்த்துத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: உள்ளே என்ன, ஒரு மாத்திரையில் எவ்வளவு, நாளைக்கு எத்தனை, எந்த மாதத்திலிருந்து, யார் சொல்லி. பிறகு கம்பெனிப் பெயரை மறந்துவிட்டு சத்துவாரியாகக் கூட்டுங்கள்.

வைட்டமின் டி-யை எடுத்துக்கொள்வோம். கால்சியம் மாத்திரையிலேயே 250 யூனிட் டி இருக்கிறது, நாளைக்கு இரண்டு, ஆக 500. மல்டிவிட்டமினில் 400. வாரம் ஒருமுறை 60,000 யூனிட் சாஷே, அதை ஏழால் வகுத்தால் நாளைக்குச் சுமார் 8,570. கூட்டினால் நாளைக்கு ஏறக்குறைய 9,500 யூனிட். பெரியவர்கள் தாமாக எடுத்துக்கொள்வதற்கான உச்சவரம்பு நாளைக்கு 4,000. குறைபாடு இருந்து டாக்டர் 8 வாரத்துக்கு எழுதியது என்றால் இந்தக் கணக்கு சரிதான். அந்த 8 வாரம் எப்போது முடிந்தது என்று யாருமே கேட்காமல் கடையில் தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருப்பதுதான் தப்பு.

அட்டையில் மி.கி. எது, மைக்ரோகிராம் எது என்று கண்ணாடி போட்டுப் பாருங்கள், இடையில் ஆயிரம் மடங்கு இருக்கிறது. வைட்டமின் டி-யில் 1 மைக்ரோகிராம் என்றால் 40 யூனிட். வெளிநாட்டிலிருந்து வரும் பாட்டிலில் 'ஒரு வேளைக்கு' என்று போட்டிருக்கும் அளவு சில சமயம் இரண்டு மூன்று மாத்திரைக்கானது. அதையும் பாருங்கள்.

பொதுமருத்துவம்_மதுரை

டி-யைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். 60,000 யூனிட் சாஷே வழக்கமாக வாரம் ஒன்று என 8 வாரம், பிறகு மாதம் ஒன்று. மாதம் ஒன்று என்றால் நாளைக்கு 2,000 யூனிட்தான், பயமில்லை. மூன்று தப்புகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதலாவது, 'வாரம் ஒன்று' என்பதை மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் 'தினம் ஒன்று' என்று எடுத்துவிடுவது. பத்தே நாளில் 6 லட்சம் யூனிட் உள்ளே போய்விடும். இரண்டாவது, ஒரு இடத்தில் 6 லட்சம் யூனிட் ஊசி போட்டுக்கொண்டு, அதைச் சொல்லாமல் இன்னொரு இடத்தில் சாஷே எழுதி வாங்குவது. மூன்றாவது, பிரஷருக்குத் தயசைடு வகை நீர்மாத்திரை எடுப்பவர் கூடவே கால்சியமும் டி-யும் எடுப்பது. தயசைடு சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைக் குறைக்கும், இவை இரண்டும் இரத்தத்தில் அதை ஏற்றும்.

இரத்தத்தில் கால்சியம் ஏறினால் அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, சோர்வு, வயதானவர்களுக்குக் குழப்பமான பேச்சு. 'வயசாச்சு, மறதி வந்துடுச்சு' என்று விட்டுவிடுவார்கள், அதற்குள் சிறுநீரகம் அடிபடும். டி கொழுப்பில் தங்குவது, நிறுத்திய மறுநாளே இறங்காது, வாரக்கணக்கில் ஆகும். சந்தேகம் வந்தால் சீரம் கால்சியம், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின், இரத்தத்தில் டி அளவைக் காட்டும் 25-ஹைட்ராக்சி டி மூன்றையும் பாருங்கள். கடைசியது மில்லிலிட்டருக்கு 150 நானோகிராமுக்கு மேல் என்றால் நஞ்சாகும் எல்லை.

ஆய்வகம்_திருச்சி

பயோட்டின். இதைப் படிக்கிற எல்லோரும் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்குப் போதுமான அளவு சுமார் 30 மைக்ரோகிராம். முடி, நகத்துக்கு விற்கும் மாத்திரையில் 10 மி.கி., அதாவது 10,000 மைக்ரோகிராம். முந்நூறு மடங்குக்கு மேல். உடம்புக்கு அது பெரிய கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை, ஆனால் பரிசோதனையைக் கெடுக்கும். பல ஆய்வகக் கருவிகளில் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடினும் ஒட்டிக்கொள்வதை வைத்துத்தான் அளவு எடுக்கிறார்கள். இரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்திருந்தால் அந்த ஒட்டும் இடங்களை அது பிடித்துக்கொள்ளும். தைராய்டுப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறையும், டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) பொய்யாக ஏறும். பார்ப்பவருக்குத் தைராய்டு அதிகமாகச் சுரப்பது போலவே தெரியும், இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கும்.

அதைவிட மோசம் டிரோபோனின். நெஞ்சுவலியில் பார்க்கும் பரிசோதனை அது, அதுவும் பொய்யாகக் குறையும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017 நவம்பரில் இதற்காகவே எச்சரிக்கை விட்டது, டிரோபோனின் தவறாகக் குறைந்து காட்டிய ஒரு மரணமும் அதில் குறிப்பிடப்பட்டது. எல்லாக் கருவிக்கும் இது பொருந்தாது, எந்த ஆய்வகத்தில் எந்தக் கருவி என்பது நோயாளிக்குத் தெரியப்போவதும் இல்லை. ஆகவே இரத்தம் கொடுப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் பயோட்டினை நிறுத்துங்கள். அவசரத்தில் போனால் 'பயோட்டின் எடுக்கிறேன்' என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு. பி12 ஊசி போட்ட பிறகு பி12 அளவு பார்ப்பதில் பயனில்லை, எப்போதும் உயரமாகத்தான் காட்டும். இரும்பு மாத்திரை விழுங்கிய காலையில் சீரம் இரும்பு பார்த்தாலும் அப்படியே.

சித்தவைத்தியர்_பாளை

கடைக்காரர் அமுக்கராவைத் தொட்டதால் சில வார்த்தைகள்.

அமுக்கராச் சூரணமும் அமுக்கரா எக்ஸ்ட்ராக்ட் கேப்சூலும் ஒரே பொருள் அல்ல. சூரணத்தில் அமுக்கராக் கிழங்கோடு சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு, சிறுநாகப்பூ, சர்க்கரை எல்லாம் சேரும். சர்க்கரை கணிசமாகவே சேரும், நீரிழிவுக்காரர்கள் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும். கேப்சூலில் இருப்பது கிழங்கிலிருந்து வடித்துச் செறிவாக்கிய சத்து. அட்டையில் '10-க்கு 1' என்று இருந்தால் 500 மி.கி. கேப்சூல் என்பது 5 கிராம் கிழங்குக்குச் சமம். பொடியின் அனுபவத்தை வைத்துக் கேப்சூலின் பாதுகாப்பைச் சொல்ல முடியாது.

எங்கள் முறையில் மருந்துக்கு அளவு மட்டுமன்று, நாளும் உண்டு. ஒரு மண்டலம் என்றால் 48 நாள். அதன்பின் நாடி பார்த்து, தேவை இருந்தால் மட்டுமே நீட்டிப்பது. அனுபானம், அதாவது மருந்தோடு சேர்த்து உட்கொள்வது, தேனா, பாலா, வெந்நீரா என்பதும் மருந்தின் பகுதி. இன்று ஆன்லைனில் வாங்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் நிறுத்தாமல் விழுங்குகிறார்கள். மரபு என்று சொல்லிக்கொண்டு மரபின் வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

கருவுற்றவர்கள், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் அமுக்கராவைத் தவிர்க்க வேண்டும். இலை சேர்ந்த தயாரிப்பும் வேண்டாம், ஆயுஷ் அமைச்சகமே கிழங்கை மட்டும் பயன்படுத்தச் சொல்லி 2021இல் அறிவுறுத்தியது.

ஈரல்பிரிவு_சென்னை

வைத்தியர் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. அமுக்கராவால் ஈரல் பாதிப்பு ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் பதிவாகி, 2020இல் ஒரு தொகுப்பாக வெளிவந்தது. தொடங்கி இரண்டு வாரம் முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மஞ்சள்காமாலையும் தாங்கமுடியாத அரிப்பும். நிறுத்தியதும் பெரும்பாலும் மெல்லச் சரியானது. டென்மார்க் 2023இல் அமுக்கராவைத் தடையே செய்தது.

மஞ்சளும் அப்படித்தான். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி இங்கே பேசவில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்குதான். 3 கிராம் தூள் போட்டால் 90 மி.கி. குர்குமின், அதில் பெரும்பகுதி குடலிலேயே கழிந்துவிடும். கேப்சூலில் 500 மி.கி., அதில் 95 சதவீதம் குர்குமின், கூடவே உறிஞ்சுதலைப் பல மடங்கு ஏற்ற மிளகின் பைப்பரின். அதே பைப்பரின் நாம் எடுக்கும் வேறு மருந்துகள் ஈரலில் உடைவதையும் தடுக்கும். இத்தாலியில் 2019இல் குர்குமின் மாத்திரை எடுத்தவர்களுக்கு ஈரல் அழற்சி வரிசையாக வந்தது. உலக அளவிலான உணவுச் சேர்க்கைக் குழு குர்குமினுக்கு வைத்த எல்லை நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி., 60 கிலோ ஆளுக்கு 180 மி.கி.

எடை குறைக்க விற்கும் கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், கொடம்புளிக் கேப்சூல், தோலில் வரும் வெண்படைக்குக் கார்போகரிசி, இவையும் ஈரல் பட்டியலில் உண்டு. கிரீன் டீயில் இஜிசிஜி என்ற பொருள் நாளைக்கு 800 மி.கி. தாண்டினால் ஈரல் நொதிகள் ஏறுகின்றன என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் சொன்னது. குடிக்கும் டீ வேறு, வெறும் வயிற்றில் விழுங்கும் கேப்சூல் வேறு.

அடையாளம்: சிறுநீர் கட்டன் டீ நிறத்துக்கு மாறுவது, பசி முற்றாகப் போவது, குமட்டல், உள்ளங்கை அரிப்பு. கண் மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே எல்லாவற்றையும் நிறுத்தி ஈரல் பரிசோதனைகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிலிருபின், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பாருங்கள். பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள், கையோடு கொண்டு வாருங்கள். சரியான பிறகு 'இதுதானா என்று பார்ப்போம்' என மறுபடி எடுக்கவே கூடாது. இரண்டாம் முறை முன்னதைவிட வேகமாகவும் கடுமையாகவும் வரலாம்.

சித்தவைத்தியர்_பாளை

சீந்திலையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். அதில் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. நல்ல சீந்திலோடு அதன் இனத்தைச் சேர்ந்த கிரிஸ்பா என்ற வேறொரு கொடி சந்தையில் கலக்கிறது. அதன் தண்டில் சிறுசிறு முண்டுகள் இருக்கும், வெட்டினால் பால் போல் கசியும். சீந்தில் தண்டில் இரண்டும் இல்லை. 2022இல் ஆயுஷ் அமைச்சகமும் இந்த வேறுபாட்டைத்தான் சொன்னது.

ஈரல்பிரிவு_சென்னை

ஐயா, ஆள்மாறாட்டம் நடக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் சீந்தில் எடுத்து ஈரல் பாதித்து மும்பையில் 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை வந்த ஆறு பேரோடு அது நிற்கவில்லை. பிறகு நாடு முழுக்க 13 மையங்களில் 43 பேரைத் தொகுத்தார்கள். தன்னுடல் எதிர்ப்பால் வரும் ஈரல் அழற்சியின் சாயல் பலரிடம் இருந்தது. சீந்தில் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். அந்தத் தூண்டுதல் ஏற்கெனவே தைராய்டு, முடக்குவாதம், சோரியாசிஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவரிடம் தவறான பக்கம் திரும்பலாம்.

சித்தவைத்தியர்_பாளை

அந்த வகை நோயாளிக்குச் சீந்தில் கொடுக்கும் முன் ஈரல் பரிசோதனையும், தொடங்கிய நான்காம் வாரத்தில் மறுபரிசோதனையும் செய்யலாம் என்பதை ஏற்கிறேன். கொடியைத் தெருவோர வேலியில் வெட்டி வந்து தாமே கஷாயம் போடுவது வேண்டாம் என்பதில் நமக்குள் பேதமே இல்லை.

மருந்துக்கடை_கோவை

நேரம் பற்றித் தனிச்செய்தியில் நிறையப் பேர் கேட்கிறாங்க. தைராய்டு மாத்திரை எடுப்பவருக்கு ஒரு நாள் இப்படி.

காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில். காபி 7 மணிக்கு மேல்தான், காபியும் அதன் உறிஞ்சுதலைக் குறைக்கும். 8 மணிக்கு டிபன், சர்க்கரைக்கான மெட்பார்மின் இருந்தால் அதோடு. இரும்பு மாத்திரை 11 மணிக்கு, எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ கூட. 11 மணி டீயோடு விழுங்கினால் வீண், டீயின் துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். டீயை முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளுங்கள். மதியச் சாப்பாட்டோடு கால்சியம். டி சாஷே நாளென்றால் அதுவும் மதியம், கொழுப்பு இருந்தால்தான் சேரும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மல்டிவிட்டமின்.

தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியத்துக்கும் இடையில் 4 மணி நேரம் கட்டாயம். சேர்த்து எடுத்து டிஎஸ்எச் ஏறி, அதற்காக டோஸைக் கூட்டி, பிறகு கால்சியத்தை நிறுத்தியதும் டோஸ் அதிகமாகிப் படபடப்பு வரும். டாக்சிசைக்ளின், சிப்ரோபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் அந்த ஐந்தாறு நாளும் சத்து மாத்திரைகளை நிறுத்திவிடுங்கள், அதுவே எளிது.

ஊட்டச்சத்து_சேலம்

ஒரு திருத்தம், சார். 'மதியச் சாப்பாட்டோடு' என்பது கால்சியம் கார்பனேட்டுக்கு. அது கரைய வயிற்று அமிலம் வேண்டும். சிட்ரேட் என்றால் எப்போதும் எடுக்கலாம், அசிடிட்டி மாத்திரை தினமும் எடுப்பவருக்குச் சிட்ரேட்தான் நல்லது. அட்டையில் 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்றிருந்தால் அதில் உண்மைக் கால்சியம் 500 மி.கி. ஒரே வேளையில் அதற்கு மேல் போட்டாலும் உடம்பு பிடிக்காது.

இரும்புக்கும் அதே பார்வை தேவை. அட்டையின் பெரிய எண்ணை விட்டுவிட்டுத் 'தனிம இரும்பு எவ்வளவு' என்ற சிறிய எழுத்தைப் படியுங்கள். பெரஸ் பியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பு. குளுக்கோனேட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு. வயிறு எரிகிறது என்பவர்கள் டாக்டரிடம் கேட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாம். ஒரு டோஸ் உள்ளே போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற பொருளைச் சுரந்து அடுத்த ஒரு நாளைக்குக் குடலின் கதவைச் சாத்துகிறது. மறுநாள் போடுவதில் பெரும்பகுதி மலத்தில்தான் போகும். மலம் கறுப்பது இயல்பு. கருந்தாராகப் பிசுபிசுத்து நாற்றமடித்தால் அது இரத்தக்கசிவாக இருக்கலாம்.

ஹீமோகுளோபின் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மாதக்கணக்கில் இரும்பு எடுக்காதீர்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் பாருங்கள். தலசீமியா மைனர் என்ற பரம்பரை இரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கும் சிவப்பணு சிறிதாகவே தெரியும், இரும்பு போதுமான அளவு இருக்கும், மேலும் ஏற்றினால் தேங்கும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் இரும்புச்சத்து குறைந்தால் எங்கே இரத்தம் கசிகிறது என்று தேடுவதுதான் முதல் வேலை.

வாசகர்_தஞ்சை

கால் எரிச்சலுக்கு நரம்பு மாத்திரை வருடக்கணக்கில் எடுக்கலாமா? விட்டமின்தானே, அதிகமானால் சிறுநீரில் போய்விடும் என்கிறார்களே.

பொதுமருத்துவம்_மதுரை

மஞ்சள் நிறமாகப் போவது பி2. அதைப் பார்த்துவிட்டு எல்லா பி-யும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். பி6 அப்படியல்ல. அதிக அளவில் நீண்டநாள் எடுத்தால் உணர்வு நரம்பையே கெடுக்கும். பாதம் மரப்பது, இருட்டில் நடை தள்ளாடுவது. மரப்புக்காகத் தொடங்கிய மாத்திரையே மரப்பைக் கூட்டும், 'இன்னும் சரியாகவில்லை' என்று இரண்டாக்குவார்கள். அட்டையில் 'பைரிடாக்சின்' என்ற வரியைத் தேடுங்கள். சிலவற்றில் 3 மி.கி., சிலவற்றில் 50, 100 மி.கி. அமெரிக்காவின் உச்சவரம்பு நாளைக்கு 100, ஐரோப்பா 2023இல் தன் வரம்பை 12 ஆக்கிவிட்டது. காசநோய் மருந்தோடு கொடுக்கும் பி6 வேறு கணக்கு, ஐசோனியசிட் நரம்பைக் கெடுக்காமல் காப்பது அதுதான். அதை நிறுத்தக் கூடாது. காசநோய் மருந்து எடுக்கும் மாதங்களில் மூலிகைக் கேப்சூல் எதுவும் வேண்டாம், ஈரல் ஏற்கெனவே சுமையில் இருக்கிறது.

கால் எரிச்சலுக்கு முதலில் பி12 பாருங்கள். வருடக்கணக்கில் மெட்பார்மின் எடுப்பவர்கள், அசிடிட்டி மாத்திரை எடுப்பவர்கள், சைவம் மட்டும் உண்பவர்கள் எல்லோருக்கும் அது குறையும். போலிக் அமிலத்தை மட்டும் தனியாக ஏற்றிக்கொண்டால் இரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்புச் சேதம் மட்டும் உள்ளே தொடரும்.

ஜிங்க் 50 மி.கி. மாத்திரையையும் பாருங்கள். கொரோனா காலத்தில் தொடங்கி இன்னும் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு 40 மி.கி. தாண்டி மாதக்கணக்கில் போனால் செம்புச்சத்து குறையும். இரத்தசோகையும் மரப்பும் அதிலும் வரும்.

டயாலிசிஸ்_நர்ஸ்

சிறுநீரகம் பாதித்தவர்கள் பொது மல்டிவிட்டமின் எடுக்கக் கூடாது. அதிலுள்ள வைட்டமின் ஏ வெளியேறாமல் தேங்கும். டயாலிசிஸ்காரர்களுக்கு பி, சி மட்டும் உள்ளது தனியாக இருக்கிறது. வைட்டமின் சி 1000 மி.கி. சப்பும் மாத்திரையும் வேண்டாம், ஆக்சலேட் படியும். மூலிகை ஜூஸ் பலவற்றில் பொட்டாசியம் அதிகம்.

ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி. இந்த இரண்டு பெயரையும் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். இரண்டும் அரிஸ்டலோக்கியா இனம். பூச்சிக்கும் தோலுக்கும் விஷக்கடிக்கும் என்று வீடியோக்களில் இன்னும் சொல்கிறார்கள். இதிலுள்ள அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கிவிடும், ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோய். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் எடை குறைப்பு மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் பெயர் ஒத்த இந்த இனச் செடி கலந்து, நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் போனது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் இந்த இன மூலிகை மருந்துகளை முதல் வகுப்பில் வைத்தது. உறுதியான புற்றுக்காரணி என்று அர்த்தம்.

சித்தவைத்தியர்_பாளை

முழுவதுமாக உடன்படுகிறேன். உள்ளே கொடுக்க வேண்டாம்.

சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டைப் பொடி, வெந்தயப் பொடி, பாகல் சாறு இவற்றில் ஒன்றைச் சேர்த்தால் சர்க்கரை சட்டென இறங்கலாம், குறிப்பாகக் கிளிமிபிரைடு போன்ற, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு. அதிமதுரம் நாள்பட எடுத்தால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நிலாவாரையைத் தினசரி மலமிளக்கியாக்கினாலும் பொட்டாசியம் இறங்கும், இதய மருந்தான டிஜாக்சின் எடுப்பவருக்கு இது இதயத்துடிப்பையே குலைக்கும். ஆண்மைக்கு என்று விற்கும் பொடிகளில் பூனைக்காலி விதை உண்டு. அதில் இயல்பாகவே லெவோடோபா இருக்கிறது, பார்க்கின்சன் மருந்து எடுப்பவர் அறியாமலே டோஸை ஏற்றிக்கொள்வார்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: மாநில உரிமம் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, உட்பொருள் ஒவ்வொன்றின் அளவு. 'ரகசியக் கலவை' என்றால் வைத்துவிட்டு வாருங்கள். வெறும் மூலிகைத் தயாரிப்பில் ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) தாண்டக் கூடாது. பரிசோதனைச் சான்று கேட்டால் நல்ல தயாரிப்பாளர் தருவார். உலோகம், தாதுக்களைப் புடமிட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் வைத்தியர் கையால் மட்டும்.

கிள்ளான்_மருந்தகம்

மலேசியாவில் மூட்டுவலிப் பொடிகளில் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டைக் கலப்பது பெரிய தொல்லை. பத்து வருட வலி இரண்டு நாளில் பறந்தது என்றால் சந்தேகப்படுங்கள். முகம் உருண்டையாகும், பசி எடுக்கும், சர்க்கரை ஏறும். தெரிந்ததும் பயந்துபோய்ச் சட்டென நிறுத்துகிறார்கள், அதுதான் உயிருக்கு ஆபத்து. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்கும், இரத்த அழுத்தம் விழும். பொடியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் அவர்கள் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இங்கே பதிவான பொருளில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும், இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து 'டி' (T) என்றால் மூலிகை வகை, 'என்' (N) என்றால் சத்து மாத்திரை. அந்த எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்கள், பெயர் பொருந்த வேண்டும்.

பொதுமருத்துவம்_மதுரை

இரத்தம் உறையாமலிருக்க வார்பரின், அசெனோகுமரால் எடுப்பவர்கள்: பூண்டு கேப்சூல், ஜின்கோ, மஞ்சள் கேப்சூல், வைட்டமின் ஈ எதுவும் கேட்காமல் வேண்டாம். வைட்டமின் கே உள்ள மல்டிவிட்டமினைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் ஐஎன்ஆர் மாறும். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே மூலிகைகளை நிறுத்தி மயக்க டாக்டரிடம் பட்டியலைக் கொடுங்கள்.

புகைப்பவர்கள் பீட்டா கரோட்டின் எடுக்கக் கூடாது. பின்லாந்து ஆய்வில் 1994இல் நாளைக்கு 20 மி.கி. எடுத்த புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்று கூடியது. கருவுற்றவர்கள் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ நாளைக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் போகவே கூடாது, சிசுவுக்கு ஊனம் வரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு-போலிக் மாத்திரை போதும், மேலே எதைச் சேர்ப்பதென்றாலும் நர்ஸிடம் கேட்டுச் சேருங்கள்.

பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவியுங்கள், அது இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண்.

வாசகர்_தஞ்சை

சுகாதார நிலையத்தில் தரும் அந்தச் சிவப்பு இரும்பு மாத்திரை இனிப்பாக இருக்கிறது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தால்?

மருந்துக்கடை_கோவை

பூட்டி வைங்க, உயரத்தில் வைத்தால் போதாது. அந்தச் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மி.கி. இரும்பு. 12 கிலோ குழந்தைக்கு நான்கு மாத்திரையிலேயே நஞ்சு தொடங்கும், பன்னிரண்டு மாத்திரை என்றால் உயிருக்கே ஆபத்து. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில சமயம் இரத்தத்தோடு. பிறகு சில மணி நேரம் குழந்தை தெளிந்து விளையாடுவது போல இருக்கும், அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. அடுத்து ஈரலும் இதயமும் தளரும். வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்க, அட்டையில் எத்தனை குழி காலி என்று எண்ணி அட்டையையும் கையில் எடுத்துக்கோங்க.